பாஸ் ஆனவர்களுக்கு இடமில்லை

என் அண்ணன் முதலில் பீங்கான் கடையில் வேலை பார்த்தான். வாங்க வந்தவர்கள் கேட்காமலே ஒவ்வொரு கோப்பையையும் விரல் நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் சுற்றுவான். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைச் சுண்டுவான். முதலாளி பல்லைக் கடிப்பார்.

"வாங்குறவனே வாயை மூடிக்கிட்டு நிக்கிறான். உனக்கு என்னய்யா நோவு?"

அண்ணன் அடுத்த கோப்பையை எடுத்துச் சுண்டுவான். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே எதிர்த்துப் பேச வராது. நான் அதிலும் ஒரு படி மேலே; எதிர்க்காமலும் பேச வராது.

அந்தக் கடையை மூடியபோது அண்ணனுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தான். அண்ணி அச்சகத்தில் தாள் மடிக்கப் போவாள். நான் ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். இவன் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பான். அண்ணிதான் ஒரு நாள் அச்சகத்திலிருந்து ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தாள். அவள் கையாலேயே மடித்தது. மூன்று வாரப் பயிற்சி, அரசாங்கம் ஒப்புக்கொண்ட எலக்ட்ரீஷியன் சான்றிதழ் என்று போட்டிருந்தது.

"மூணு வாரத்துல என்ன வரும்?" என்றான் அண்ணன்.

"மூணு வாரத்துல சான்றிதழ் வரும். மத்தது பின்னால வரும். இப்படியே நடந்தீங்கன்னா தரைதான் தேயும்" என்றாள் அண்ணி.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. முன்பெல்லாம் அந்தச் சான்றிதழுக்கு இரண்டு வருடம் படிக்க வேண்டும். அதற்கு மேல் ஒருவரிடம் உதவியாளாக இருந்து கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் ஒரு பரீட்சை. பரீட்சை வைக்க வருபவர் ஒரு முழு அறையின் ஒயரிங்கை ரகசியமாகக் கெடுத்து வைத்துவிட்டு, கோளாறைக் கண்டுபிடி என்று சொல்லி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாராம். எங்கள் தெருவில் ஒருவர் அதில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை ஜெயித்தார். தோற்றதையும் சேர்த்துத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு வீடுகள் மளமளவென்று எழும்பின. ஆள் போதவில்லை என்றார்கள். இரண்டு வருடம் ஒரு வருடமானது, ஒரு வருடம் ஆறு மாதமானது. சுருங்கிச் சுருங்கி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று வாரமாக இருந்தது.

அண்ணன் ஒரு நாள் விடாமல் போனான். சுவரில் பெரிய திரை இருக்குமாம். சொல்லிக்கொடுப்பவர் அதைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவாராம். கையால் செய்து பார்க்க ஒரு மரப்பலகை. அதில் சுவிட்ச், பிளக், பல்பு எல்லாம் பொருத்தியிருக்கும். ஆனால் பாதுகாப்பை உத்தேசித்து அந்தப் பலகைக்குக் கரண்ட் கொடுப்பதே இல்லை.

"அப்ப பல்பு எரியுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"எரியும்னு வெச்சுக்கணும்" என்றான்.

பரீட்சையும் அதே பலகையில்தான். அன்று காலை போய்ப் பார்த்தால் ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தார்களாம். சிவப்புப் புள்ளியில் சிவப்பு ஒயர், கறுப்பில் கறுப்பு, பச்சையில் பச்சை. நிறைய பேர் பாஸானால்தான் அந்த மையத்துக்கு அடுத்த வருடமும் அனுமதி கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எதற்கெடுத்தாலும் சிரிப்பவன், அதனால் அவனுக்குச் 'சிரிப்பு' என்றே பெயர். அவன், "வீட்ல பொண்டாட்டி நகப்பூச்சு காணோம்னு தேடுறா, இங்க இருக்கு பாரு" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தானாம். எல்லாரும் பாஸ்.

சான்றிதழ் வந்த அன்று அண்ணி அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். அண்ணன் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்நியர் வீட்டுப் படத்தைப் பார்ப்பது போல இருந்தது அவன் பார்வை.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

சான்றிதழ் வைத்திருப்பவன் ஒருவனாவது இல்லாமல் ஒயரிங் வேலை எடுக்க முடியாது என்பதால் ஒரு காண்ட்ராக்டர் உடனே அவனைச் சேர்த்துக்கொண்டார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏ சர்டிபிகேட்டு, அந்த ஏணியைப் பிடி", "சர்டிபிகேட்டு சாப்பிட்டாச்சா" என்பார். மற்ற ஆட்கள் வேலை தெரிந்தவர்கள் போல விறுவிறுவென்று செய்வார்கள். அவர்களும் இவனைப் போன்றவர்கள்தான் என்பது பிறகுதான் இவனுக்குத் தெரிந்தது. யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடும்.

அண்ணன் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டான். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் போனில் படம் எடுப்பான். பிறகு எது எதில் இருந்ததோ அதை அதிலேயே திருப்பி மாட்டுவான். போன் முழுக்க ஒயர் படங்கள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு. என் படம் ஒண்ணாவது இருக்கா இதுல?" என்று அண்ணி போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள்.

"நீ திறந்தா கரண்ட் அடிக்க மாட்டே, அதான்."

"திறந்து பாருங்க, தெரியும்."

அப்படிச் சிரித்துக்கொண்டு இருந்த நாட்களில்தான் சித்தி கூப்பிட்டாள். எங்கள் அம்மாவின் தங்கை, தனியாக இருப்பவள். புதிதாகத் துணி துவைக்கும் மெஷின் வாங்கியிருந்தாள். பின்கட்டில் அதற்கு ஒரு பிளக் வேண்டும். "வீட்டுக்குள்ளயே எலக்ட்ரீஷியனை வெச்சுக்கிட்டு வெளியாளைக் கூப்பிட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் எல்லாரும் போனோம். அண்ணன் பிளக்கை வைத்தான், மெஷின் ஓடியது, சித்தி கைதட்டினாள். அவன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெம்பைப் பார்த்தேன்.

மறுநாள் இருட்டத் தொடங்கும் நேரத்தில் சித்தி பின்கட்டு விளக்கைப் போட்டுவிட்டு, ஈரக்கையோடு மெஷின் மூடியைத் தொட்டிருக்கிறாள். தூக்கி எறிந்துவிட்டது. துவைக்கும் கல்லின் மேல் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்ததால் அதோடு போயிற்று.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சித்தியை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தெருக்கம்பத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லைன்மேனை யாரோ கூப்பிட்டிருந்தார்கள். அவர் பிளக்கைக் கழற்றித் தொங்கவிட்டு, டெஸ்டரை எர்த் ஓட்டையில் வைத்தார். ஒன்றும் இல்லை. பின்கட்டு விளக்கைப் போடச் சொன்னார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

பச்சை ஒயர் என்றால் எர்த், மண்ணுக்குப் போவது, அதில் கரண்ட் இருக்காது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் யாரோ எப்போதோ, கையில் மிச்சமிருந்த பச்சைச் சுருளை வைத்தே விளக்குக்குக் கரண்ட் கொண்டுபோயிருந்தார்கள். பெட்டிக்குள் பச்சையைப் பார்த்ததும் அண்ணன் மெஷினின் எர்த்தை அதோடு சேர்த்து முறுக்கிவிட்டான். விளக்கு அணைந்திருக்கும்வரை ஒன்றுமில்லை. விளக்கைப் போட்டால் மெஷினின் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட். நாங்கள் போனது பட்டப்பகலில்.

"பச்சைன்னா எர்த்துன்னு அந்த ஒயர் உன் காதுல வந்து சொல்லிச்சா?" என்றார் லைன்மேன். "எந்த மடையன்யா பண்ணான் இதை?"

"நான்தான்" என்றான் அண்ணன்.

லைன்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மருத்துவமனையில் சித்தி மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். "மூணு வாரம் படிச்சவன் கை வெச்சதுக்கு மூணு வாரம் கட்டுப் போட்டிருக்காங்கடா. கணக்கு சரியாப் போச்சு" என்றாள். அண்ணி சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதோடு முடிந்திருந்தால் அவன் தேறியிருப்பான். ஆனால் அந்த வாரம்தான் காண்ட்ராக்டர் எடுத்திருந்த குழந்தைகள் காப்பகத்தின் ஒயரிங் முடிந்திருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்திருந்தார்கள். சுவருக்குள் இருந்த பழைய ஒயரில் பாதியை அப்படியே விட்டுவிட்டு, வெளியே புதிதாக இழுத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, எனக்குத் தெரியும் என்று சான்றிதழ் உள்ளவன் ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும். அது அண்ணன்.

அவன் அங்கே திரும்பவும் போனான். ஒவ்வொரு பிளக்காக, எல்லா விளக்கையும் அணைத்து, பிறகு ஒவ்வொரு விளக்காகப் போட்டு, லைன்மேன் செய்தது போலவே டெஸ்டரை வைத்துப் பார்த்தான். இரண்டு நாள் பார்த்தான். எங்கும் தப்பில்லை.

"அப்புறம் என்ன? போட்டுக் குடுத்துட்டு வாங்க" என்றாள் அண்ணி.

அவன் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். "தப்பு கண்ணுல படல. தப்பு இல்லாததால படலையா, எனக்குப் பாக்கத் தெரியாததால படலையா? அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றான்.

நான் ஊசியில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் தலையைச் சீவிக்கொண்டு, "என்கூட வர்றியா? தனியாப் போனா பேச்சு வராது" என்றான். இரண்டு ஊமைகள் சேர்ந்து போனால் மட்டும் பேச்சு வருமா என்று அண்ணி கேலி செய்தாள். ஆனாலும் போனோம். பயிற்சி மையம் ஒரு பெரிய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கூடத்தில் வரிசையாக ஆட்கள், எல்லார் கையிலும் போன். திரையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் அந்தப் பலகை. நகப்பூச்சுப் புள்ளிகளை அழிக்கக்கூட இல்லை. மேலேயே புதிதாக வைத்திருந்தார்கள்.

மேலாளர் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"சார், நான் மறுபடி சேரணும்" என்றான் அண்ணன்.

அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "நீங்க பாஸ் பண்ணிட்டீங்களே?"

"அதான் சார். தப்பாப் பாஸ் பண்ணிட்டேன்."

"அப்படின்னா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். பழைய மாதிரி யாராவது ஒருத்தர் வந்து ஒயரைக் கெடுத்து வெச்சு, கண்டுபிடின்னு சொன்னா நான் ஃபெயிலாயிருவேன். அப்படி ஒரு தடவை வெச்சுப் பாருங்க. ஃபெயிலானா சான்றிதழை வாங்கிக்கங்க. முதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க. எத்தனை நாள் ஆனாலும் வர்றேன்."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மேலாளருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவருக்கு வருத்தம்தான் வந்தது.

"தம்பி, பாஸ் ஆனவங்களை மறுபடி சேர்க்க இதுல இடமே இல்ல. நம்பரை அடிச்சா ஏத்துக்காது. ஃபெயிலானவங்களைச் சேர்க்கலாம், ஆனா இங்க யாரும் ஃபெயிலாகிறதில்ல."

"அந்தப் பழைய பரீட்சை?"

"அது எடுத்து ரொம்ப வருஷமாச்சு. வெக்கிறதுக்கும் ஆள் இல்ல. வெக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் ஓய்வு பெற்றாச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க இப்படிக் கவலைப்படறதே நல்ல குணம். எல்லாம் போகப் போக வந்துரும்."

அண்ணன் எழுந்து நின்றான். "யார் வீட்ல சார், போகப் போக?"

அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். "வேற எதாவது உதவி வேணும்னா வாங்க" என்றார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று அண்ணன் சொன்னதும் காண்ட்ராக்டர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் படியில் நின்றார்.

"ஏ சர்டிபிகேட்டு, என்னய்யா இது? கல்யாணப் பொண்ணு மாதிரி கடைசி நேரத்துல முரண்டு பிடிக்கிறே?"

"நல்லாத் தெரிஞ்சவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து ஒரு தடவை பாத்துட்டா..."

"தெரிஞ்சவர்னா யாரு? ஊர்ல எல்லாரும் உன்னை மாதிரிதான். நீயாவது கவலைப்படறே."

"லைன்மேன்கிட்ட கேட்டேன். மீட்டர் வரைக்கும்தான் எங்க பொறுப்பு, அதுக்கு உள்ள வர மாட்டோம்னுட்டார்."

"அவனே வர மாட்டேங்கிறான், உனக்கென்ன? லைட்டு எரியுதா? ஃபேன் சுத்துதா? அப்புறம் என்ன வேணும் உனக்கு, வானத்துலேர்ந்து அசரீரியா?"

அண்ணி உள்ளேயிருந்து அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போட்டுவிடுங்கள் என்று அவள் சொல்வாள் என நினைத்தேன். அவளோ சித்திக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நான் போடலைங்க" என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீ போடலைன்னா சூரியன் உதிக்காதா?" என்று சொல்லிவிட்டுக் காண்ட்ராக்டர் படியிறங்கினார்.

சூரியன் உதித்தது. அன்று மாலையே, பயிற்சியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சிரிப்பு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். கட்டடத்துக்குள்ளே கூட வரவில்லையாம், வண்டியின் இருக்கையில் வைத்தே போட்டானாம். இதைச் சிரிப்பே தெருவில் அண்ணனைப் பார்த்துச் சொன்னான், சிரித்துக்கொண்டே. கெட்டவன் இல்லை அவன். "நமக்கு என்னத்தைடா தெரியும், போடச் சொன்னாங்க போட்டேன்" என்றான்.

காப்பகத்தைத் திறப்பதற்கு முன்பு அண்ணன் அங்கிருந்த டீச்சரம்மாவைப் போய்ப் பார்த்தான். அப்போதும் நான் கூடப் போனேன். சின்னச் சின்ன நாற்காலிகள், சுவரில் யானையும் மீனும். கூடத்தின் மூலையில் பளபளவென்று ஒரு குடிதண்ணீர் மெஷின், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் குழாய். டீச்சரம்மா சுவரில் மாட்டியிருந்த காகிதத்தைப் பெருமையாகக் காட்டினார். சிரிப்பின் கையெழுத்து பூப்போல விரிந்திருந்தது.

"எல்லாம் சரியா இருக்குன்னு குடுத்துட்டாங்க தம்பி. பாருங்க, எல்லா லைட்டும் எரியுது" என்று சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். அண்ணனின் கண் விளக்குகளைப் பார்க்கவில்லை. அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன சொல்வது? தப்பு இருக்கிறது என்று சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். சொல்லியும் பார்த்தான்.

டீச்சரம்மா அன்பாகவே கேட்டார். "அப்ப உங்களுக்குத் தெரியலைன்னா, தெரிஞ்சவர் கையெழுத்துப் போட்டிருக்காரே, அது நல்லதுதானே?"

மறுநாள் அண்ணன் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கனமான ரப்பர் விரிப்பு வாங்கி வந்தான். கரண்ட் போர்டுகளுக்கு முன்னால், நிற்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத் தரையில் போடுவார்களே, அந்த மாதிரி. அதைத் தோளில் சுமந்துகொண்டு போய் குடிதண்ணீர் மெஷினுக்கு முன்னால் விரித்தான். பிள்ளைகள் வெறுங்காலோடு ஈரத்தில் நிற்பார்களே, அதற்கு என்று விளக்கினான். "எவ்வளவு அக்கறை உங்களுக்கு!" என்றார் டீச்சரம்மா. வழுக்காமல் இருப்பதற்கு என்று அவர் எடுத்துக்கொண்டது எனக்குப் புரிந்தது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணனும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஒயரைத் தொடவில்லை. உதவியாளாகவாவது சேர்ந்து வேலை கற்றுக்கொள்ளலாம் என்று இரண்டு இடத்தில் கேட்டான். சான்றிதழ் இருப்பவனை ஏணி பிடிக்க வைத்தால் நாளைக்குப் பிரச்சினை வரும் என்றார்கள். இப்போது பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குகிறான். காப்பகம் நன்றாக நடக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. காண்ட்ராக்டர் வழியில் பார்க்கும்போதெல்லாம், "என்ன சர்டிபிகேட்டு, ஒண்ணும் ஆகலியே?" என்பார். அண்ணன் தலையாட்டுவான். ஒன்றும் ஆகக் கூடாது என்று அவனை விட வேண்டிக்கொள்கிறவன் ஊரில் யாரும் இருக்க மாட்டான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒன்றும் ஆகாமல் இருப்பது அவனைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிக்கொண்டே வந்தது. இதை அவன் சொன்னதில்லை, நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, காப்பகத்துக்கு ஒரு பார்சல் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வழியாகத் துணி கொடுக்கப் போன நானும் கூட நடந்தேன். வாசல் கதவுக்கு வெளியே, சேறு படிந்து, அந்த ரப்பர் விரிப்பு கிடந்தது. உள்ளே பிள்ளைகள் மெஷினைச் சுற்றி நின்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் காலும் வெறுங்கால்.

"வாங்க தம்பி, வாங்க! நீங்க குடுத்த விரிப்பு ரொம்ப உபயோகமா இருக்கு" என்றார் டீச்சரம்மா. "உள்ள எவ்வளவு சேறு வரும் தெரியுமா, இப்ப ஒரு பொட்டு வர்றதில்ல."

அண்ணன் வாயைத் திறந்தான். உள்ளே ஒரு பெண் குழந்தை குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தது. அது குடித்து முடிக்கும்வரை அவன் மூச்சு விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

"டீச்சர், இதை அங்கேயே..." என்று தொடங்கினான்.

"என்ன தம்பி?"

டீச்சரம்மா புன்னகையோடு காத்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால், அண்ணன் பார்சலைத் தோளில் மாற்றிக்கொண்டு, அந்த விரிப்பில் இரண்டு காலையும் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே போனான்.